நூற்றுக்கு ஒன்று

மருந்தக்காவின் வலக்கை விரல்நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். மை என்று சிலர் நினைத்தார்கள். ரகசியமாகத் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்று பிரசவத்துக்கு வந்த ஒருத்தி என் காதில் சொன்னாள். அது வெள்ளி உப்பின் கறை. வெள்ளி நைட்ரேட் கரைசல் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். தோலில் ஒரு சொட்டு பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் பழுப்பாகும், மறுநாள் கறுத்துவிடும். சோப்புக்குப் போகாது. தோல் உரிந்தால்தான் போகும்.

ஐம்பதுகளின் நடுவில், தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஒரு சிறிய தனியார் பிரசவ விடுதியில் நான் தாதியாக வேலை பார்த்தேன். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டரம்மா, நான்கு தாதிகள், இரண்டு ஆயாக்கள். மருந்து கலக்க மருந்தக்கா ஒருவர்தான். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை.

யாராவது ஒரு பொருளைப் பற்றிக் ‘கொஞ்சம்’, ‘நிறைய’, ‘கெட்டி’, ‘தண்ணியா’ என்று சொன்னால் அவருக்கு வேலை ஓடாது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, “எவ்வளவுல எவ்வளவு?” என்பார். கோபமாகக் கேட்கமாட்டார். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எதிர்க் கோப்பிக்கடைச் சீனர் ஒருமுறை நல்ல கெட்டிக் கோப்பி என்று சொல்லிக் கொடுத்தபோது, எத்தனை கரண்டித் தூள், எத்தனை குவளைத் தண்ணீர் என்று மலாயில் கேட்டார். கடைக்காரர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். பதில் வரும்வரை அக்கா குவளையைத் தொடவில்லை. அன்றுமுதல் அவருக்குக் கோப்பி ஊற்றும்போது கடைக்காரர் கரண்டியை உரக்க எண்ணுவார்.

எங்களிடம் வருவதற்கு முன் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்திருக்கிறார். முதலில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. பிறகு காரநீரின் வீரியத்தை அளக்கும் வேலை. அங்கே ஒருநாள் இரண்டு பீப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் தெளிந்த நீர். ஒன்றில் கை கழுவலாம், மற்றதில் கை வைத்தால் தோல் கழன்றுவிடும். ஒருவர் மாற்றிக் கையை விட்டுவிட்டார். இதற்குமேல் அவர் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தொழிற்சாலை மூடியபோது, வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பியூரெட்டைக் கேட்டு வாங்கி வந்தார். முழ நீளக் கண்ணாடிக் குழாய். மேலிருந்து கீழ்வரை கோடு போட்டு எண் எழுதியிருக்கும், அடியில் ஒரு திருகு. அதைத் துண்டில் சுற்றி மருந்தறை அலமாரியில் வைத்திருந்தார். பிரசவ விடுதியில் அதற்கென்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “இருக்கட்டும் டாக்டர், எடத்த அடைக்காது” என்றாராம்.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. கைராசிக்காரர் என்று பெயர். அவருக்கும் அக்காவுக்கும் நடந்த ஒரு தகராறு எங்களுக்குள் வெகுநாள் பேச்சாக இருந்தது. புண் கழுவுவதற்குப் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்து அனுப்பும்படி டாக்டரம்மா சீட்டு எழுதியிருந்தார். அக்கா சீட்டோடு நேரே வார்டுக்கு வந்தார். ஒரே கரைசலை ஒரு மெல்லிய குழாயிலும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியிலும் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். குழாயில் இருந்தது ரோஜா இதழ் நிறம். ஜாடியை மேலிருந்து பார்த்தால் கத்தரிக்காய் நிறம். எது இளஞ்சிவப்பு என்று கேட்டார். டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார், நோயாளிகளையும் பார்த்தார், பேனாவை எடுத்து ஓர் எண்ணை எழுதிக்கொடுத்தார். முகம் மட்டும் அன்று முழுவதும் சரியில்லை. “கண்ணளவு கறிக்குப் போதும் மிசி, மருந்துக்குப் பத்தாது” என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். எங்கள் ஊரில் தாதிகளை மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பக்கமும் இருந்தது. மூன்று மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பிள்ளை எடை ஏறவே இல்லை. தாய்ப்பால் நின்றுபோய் டின்பால் கொடுக்கிறாள். டாக்டரம்மா டானிக் எழுதினார். மருந்து வாங்க வந்தவளிடம் அக்கா ஒரு புட்டியும் டின்பாலும் கரண்டியும் கொடுத்து, வீட்டில் கலக்குகிற மாதிரியே கலக்கச் சொன்னார். அவள் ஒரு கரண்டிப் பாலை விட்டு, புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. டின் ஒரு வாரம் வரவேண்டுமே என்றாள். “பிள்ளைக்கு நீ பால் குடுக்கல. வெள்ளத் தண்ணி குடுக்கிற” என்றார் அக்கா. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா சமாதானம் சொல்லவில்லை. புட்டியின்மேல் பால் இதுவரை, தண்ணீர் இதுவரை என்று இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்தபின் டாக்டரம்மாவிடம் போய், டானிக்குக்குப் பதிலாக அவளுக்கு மாதம் நான்கு டின் பால் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை தேறியது. ஆனால் அந்தச் சொல்லை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் இரு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவோம். தாயிடம் மேகநோய் இருந்தால், பிறக்கும்போதே பிள்ளையின் கண்ணில் தொற்றிக் கண்ணைக் குருடாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சொட்டு. தாய்க்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, கேட்காமல் எல்லாருக்கும் போட்டுவிடுவோம். வீரியம் நூற்றுக்கு ஒன்று. மருந்தறையில் அக்கா ஒரு பெரிய பழுப்புப் புட்டியில் கரைத்து வைத்திருப்பார். பிரசவ அறையில் கட்டைவிரல் அளவு சிறிய புட்டி ஒன்று இருக்கும். அதை நிரப்பி வைப்பது தாதிகள் வேலை. பெரும்பாலும் நான்தான் செய்வேன்.

ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குக் கண் வீங்கியது. சொட்டு போட்ட மறுநாள் கொஞ்சம் சிவப்பது வழக்கம். இது அப்படி இல்லை. இமை திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு சீழ் வடிந்தது. மூன்றுக்கும் சொட்டு போட்டவள் நான். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கிருமி என்றார். பென்சிலின் கொடுத்தார். இரண்டு குழந்தைகளுக்கு வீக்கம் வடிந்து கண் தெளிந்தது. மூன்றாவது ஒரு பெண் குழந்தை. அதன் வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழியின் நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை.

அந்தக் குழந்தையின் அப்பா செம்பவாங் கப்பல் தளத்தில் வெல்டராக வேலை பார்த்தவர். கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா பிடிகொடுக்காமல் பேசியிருக்கிறார். யாரோ ஒருவர், இந்தச் சொட்டு மருந்தே எதற்காகப் போடுகிறார்கள் என்று அவருக்கு விளக்கியிருக்கிறார். அவர் தனக்கு மேகநோய் இல்லை என்று பரிசோதனை செய்து சீட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மனைவியையும் பிள்ளையையும் கிராஞ்சியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த அவளுடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். ஆயா வந்து இதைச் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மருந்தக்காவும் கேட்டார்.

அவர் பிரசவ அறைக்கு வருவது அபூர்வம். அன்று வந்தார். சிறிய புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு மருந்தறைக்குப் போனார்.

துண்டைப் பிரித்துப் பியூரெட்டை ஒரு தாங்கியில் நிறுத்தினார். சுத்தமான உப்பை எடை போட்டு நீரில் கரைத்து, மஞ்சள் குரோமேட்டு இரண்டு சொட்டு விட்டார். பியூரெட்டில் வெள்ளி நீரை நிரப்பி, திருகைத் தளர்த்திச் சொட்டுச் சொட்டாக அந்த மஞ்சள் நீரில் விட்டார். வெள்ளி, அந்த உப்பைப் பிடித்துக்கொண்டு தயிர் போலத் திரிந்து இறங்கியது. உப்பு இருக்கும்வரை மஞ்சள் மாறாது. உப்பு தீர்ந்துபோன அடுத்த சொட்டில் எல்லாம் செங்கல் நிறமாகிவிடும். எத்தனை சொட்டில் சிவக்கிறது என்று பார்த்தால் வீரியம் தெரிந்துவிடும். அவர் எடுத்திருந்த உப்புக்கு, நூற்றுக்கு ஒன்றான கரைசல் என்றால் பத்து சிசி செலவாக வேண்டும். வீரியம் கூடினால் அதைவிடக் குறைவாகவே செலவாகும்.

இரண்டு புள்ளி மூன்றில் சிவந்தது.

மறுபடி செய்தார். இரண்டு புள்ளி மூன்று. மூன்றாவது முறையும் செய்தார். பிறகு குழாயை அலம்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சின்ன புட்டிய எப்படி நிரப்புவீங்க மிசி?”

காலையில் பார்த்தால் கால்வாசி குறைந்திருக்கும், பெரிய புட்டியிலிருந்து ரொப்பி வைப்பேன் என்றேன்.

“மிச்சத்தக் கொட்டமாட்டீங்களா?”

“நல்ல மருந்துதானே அக்கா, எதுக்குக் கொட்டணும்னு.”

மூடியைப் பற்றிக் கேட்டார். கண்ணாடி மூடி இறுகிக்கொள்ளும், அவசரத்துக்குத் திறக்க வராது, அதனால் சும்மா மேலே வைத்திருப்போம் என்றேன். புட்டி எங்கே இருக்கும் என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு முன் கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைக்கப் புதிய மின்சாரப் பாத்திரம் வந்திருந்தது. அதற்கு இடம் விடப் புட்டியை நேர் மேல்தட்டுக்கு மாற்றியது நான்தான். அதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். “அந்தச் சூட்டுல வத்துனது தண்ணி மிசி. வெள்ளி வத்தாது. தண்ணி போன எடத்துல நீங்க மறுபடி வெள்ளிய ஊத்தியிருக்கீங்க. தெனமும்.”

பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் அழவில்லை. என் வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர் இருந்தார்கள். அதைத்தான் நினைத்தேன். கண் போன குழந்தையை அப்போது நினைக்கவில்லை. அதை மறைப்பதில் பயனில்லை.

“அக்கா, கொஞ்சம் கூடுதலா இருந்துச்சுன்னு எழுதிருங்களேன்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

அவர் எழுந்து போய்த் தன்னுடைய பெரிய புட்டியை எடுத்துவந்தார். அதே உப்பு, அதே மஞ்சள், அதே குழாய். பத்தில் சிவக்க வேண்டியது ஒன்பதில் சிவந்தது. அவருடைய புட்டியும் நூற்றுக்கு ஒன்று இல்லை, ஒன்று புள்ளி ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியை அடித்துவிட்டு, முதலில் அதை எழுதினார். தன் புட்டி ஒன்று புள்ளி ஒன்று, காரணம் தெரியவில்லை. சிறிய புட்டி நாலு புள்ளி மூன்று, காரணம் வற்றியதும் ரொப்பியதும். மிச்சத்தைக் கொட்ட வேண்டும் என்று புட்டியில் சீட்டு ஒட்டாதது மருந்து கலப்பவரின் தவறு. கீழே கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் எங்கும் இல்லை. தாதிகள் ரொப்பினார்கள் என்று மட்டும் இருந்தது.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். இது வெளியே போனால் நாளைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி இந்த வாசல் ஏறமாட்டாள், இத்தனை பேர் பிழைப்பும் போகும், அந்தக் கண்ணும் திரும்பி வராது என்று நிதானமாகவே சொன்னார். அதில் எதுவும் பொய் இல்லை.

“கண்ணு வராது டாக்டர். அந்தப் பொண்ணு புருசன் வீட்டுக்குப் போகலாம்ல” என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, மறுநாள் சோங் பாங் போவதாகச் சொன்னார். தளத்துக்கு வெளியே இருந்த அந்தக் கம்பத்துக் குடியிருப்பில்தான் வெல்டரின் வீடு. நான் வருவதும் வராததும் என் இஷ்டம் என்றார். வற்புறுத்தவில்லை. நான் போகவில்லை. டியூட்டி இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டேன்.

மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். நோயாளிகளின் விஷயத்தை வெளியே பேசினார் என்பது காரணம். நான் வாய் திறக்கவில்லை. பியூரெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஆயாக்களிடம் சொல்லிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிப் போனார். அந்த வெல்டர் கிராஞ்சிக்குப் போய் மனைவியைக் கூட்டிவந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். விடுதிக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் கட்டில்கள் காலியாக இருந்தன, பிறகு நிறைந்துவிட்டன. நான் அங்கே இன்னும் எட்டு வருடம் வேலை பார்த்தேன். சிறிய புட்டியைத் தினமும் கொட்டிக் கழுவி நிரப்பினேன்.

அறுபதுகளில் ஒரு சனிக்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. ஒரு சோடாக் கம்பெனியில் சர்க்கரைப்பாகு அளக்கும் வேலை என்றார். ஒரு கண்ணாடி மிதவையைப் பாகில் விட்டால், எந்தக் கோடுவரை மூழ்குகிறது என்பதை வைத்து எவ்வளவு சர்க்கரை என்று சொல்லிவிடலாமாம். சுலபமான வேலைலா என்று சிரித்தார். விரல்கள் சுத்தமாக இருந்தன. பழையதை நான்தான் எடுத்தேன். அந்தக் குழந்தை ஞாபகம் அடிக்கடி வருகிறது என்றேன்.

அடிக்கடி என்றால் எத்தனை முறை என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தான் வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். பிள்ளை பிரைமரி மூன்று படிக்கிறாள். இடது கண் நன்றாக இருக்கிறது. வலது கண்ணால் மூன்றடி தூரத்தில் விரல் எண்ணுகிறாள், அதற்கு மேல் இல்லை. நான் வீட்டு வழி கேட்டேன். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எத்தனாவது வீடு என்று சொன்னார். போங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

அடுத்த வாரம் போனேன். அத்தாப்பு ஓலைக் கூரையைத் தகரமாக மாற்றியிருந்தார்கள். குழந்தையின் அம்மாதான் கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. விடுதிப் பெயரைச் சொன்னதும் உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். தேநீர் கொடுத்தாள். மருந்தக்காவைப் பார்த்ததாகச் சொன்னேன்.

“அவங்க வருசா வருசம் வருவாங்க,” என்றாள். “வந்தா எங்க மாமியா ரூம்ப விட்டு வெளிய வரமாட்டாங்க. என் வீட்டுக்காரரும் மொகம் குடுத்துப் பேசமாட்டாரு. நான்தான் தண்ணி குடுப்பேன். தப்பு பண்ணவங்கதான், ஆனா வந்து சொன்னாங்கள்ல. இல்லன்னா நான் இந்த வீட்டுல இல்ல.”

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. “அவங்கதான் பண்ணாங்கன்னு சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்லல. மருந்து எங்க கையில கெட்டியாயிருச்சு, என் பங்கு இவ்வளவுன்னு என்னமோ கணக்கு சொன்னாங்க. மத்தது யாருன்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு. அத அவங்கதான் வந்து சொல்லணும்னாங்க. நாங்க நம்பல. தப்பிக்கப் பாக்குறாங்கன்னு நெனச்சோம்.”

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

“கண்ணுல விட்டது நான்,” என்றேன். “புட்டிய ரொப்புனதும் நான்தான்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து மாமியார் இருந்த அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சுக் கேட்டது. பத்து வருடக் கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது போலும், நேரமாயிற்று.

அப்போது பள்ளிச் சீருடையில் அந்தப் பெண் உள்ளே வந்தாள். புதிய ஆளைக் கண்டு நின்று, யாரென்று தெரிந்துகொள்ள முகத்தை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, அவள் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.